வேலூர் மாவட்டக் கிராமங்களின் மருத்துவ வசதிக்குப் புதுக் கட்டடம் முக்கியமா, ஆட்களுக்குப் பயிற்சி முக்கியமா?

நிதி குறைவென்றால் எதற்கு முதலில் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களின் பயிற்சிக்குத்தான் என்பேன். இந்த ஊரின் வரலாறே அப்படித்தான். 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நிறுவனர் ஐடா ஸ்கடர், 1909-இல் செவிலியர் பயிற்சியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய ஃபிரிட்ஜில் விஷமுறிவு மருந்து இருந்தால் மட்டும் போதாது. மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் உடனே அட்ரினலின் போடத் தெரிய வேண்டும். கட்டுவிரியன் கடித்து இமை சரிந்து மூச்சு திணறினால், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஆம்பு பையை (முகமூடியோடு கூடிய, கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை) அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுத்தால் ஒரு செவிலியரால் இதைச் செய்ய முடியும். ஆனால் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டால் கை மறந்துவிடும். திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, ஜவ்வாது மலை. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. பீஞ்சமந்தை போன்ற இடங்களில் தலையை எண்ணினால் மட்டும் சரிவராது, நடக்கும் தூரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கட்டத்தான் வேண்டும். அதிலும் முதலில் செவிலியர் குடும்பத்தோடு தங்க, தண்ணீரும் கழிப்பறையும் உள்ள குடியிருப்பு.