இருட்டாக்கிய வானம்

அன்புள்ள ஐயா,

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். கணினியில் வானத்தைச் சற்று இருட்டாக்கினேன். “இது ஏமாற்று வேலை. ஆன்சல் ஆடம்ஸ் இப்படியா செய்தார்?” என்கிறார் நண்பர். படத்தை இணைத்திருக்கிறேன். நான் செய்தது தவறா?

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. கறுப்பு வெள்ளை இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆடம்ஸ், வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். எப்படிச் செய்தேன் என்று புத்தகங்களில் விளக்கியும் எழுதினார்.

1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தார். மேலே நிலவு. கீழே கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். அவசரத்தில் ஒளியை அளக்கும் லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது. அந்தக் கணக்கை வைத்தே ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்கு ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். தொடக்கத்தில் போட்டவற்றில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். பிந்தையவற்றில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நடுவே, 1948-இல், நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியாக்கவும் செய்தார். பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்றவர் அவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதை வாசிப்பது என்பார். ஒரே கீர்த்தனையை ஒரு வித்வான் இருபது வயதிலும் அறுபதிலும் ஒரே மாதிரியா பாடுகிறார்?

நம் பக்கத்திலேயே இன்னும் பழைய சான்று உண்டு. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையைக் ஆங்கிலேயப் படை அதிகாரி கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் 1858-இல் தொகுப்பாக வந்தன. மெழுகேற்றிய காகித நெகட்டிவ்கள் அவை. அக்கால ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். டிரைப் நெகட்டிவ்மேலேயே மேகங்களைத் தீட்டினார்! அவர் இறந்த 1902-இல்தான் ஆடம்ஸ் பிறந்தார்.

உங்கள் நண்பர் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த இருட்டு உங்களுக்கு எப்போது தோன்றியது, மலையிலா, கணினி முன்னாலா? 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கும்போது, கையில் மிச்சமிருந்தது ஒரே கண்ணாடித் தகடு. கறுத்த வானத்தை மனத்தில் பார்த்துவிட்டு, நீல ஒளியைத் தடுக்கும் சிவப்பு ஃபில்டரை மாட்டி அதில் எடுத்தார் ஆடம்ஸ்.

உங்கள் வானம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடிவாரத்து மேக்னசைட் சுரங்கத்தைத்தான் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். வெள்ளைக்கல் குவியல்கள் தாளில் ஓட்டை விழுந்ததுபோல வெளுத்துக் கிடக்கின்றன. முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகள் வகுத்தவர் ஆடம்ஸ். கடைசி வெள்ளைக்கு ஒன்றிரண்டு படி முன்பே நிறுத்திக் கல்லின் சொரசொரப்பைக் காப்பாற்றியிருப்பார். வெயில் சாய்வாக விழும் காலையில் மறுபடி போங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியைக் குறைத்து, அந்த வெள்ளைக்கு அளவு வைத்து எடுங்கள். எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள்.