நாற்காலியை விட்டு எழும்பாத அம்மாவை எப்படி நடமாட வைப்பது?

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா நாள் முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், நடக்கச் சொன்னால் கோபப்படுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 35 வருடம் கொழுந்து பறித்த என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

முதலில் அந்தக் கோபத்தை மதியுங்கள். விடியுமுன் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியும் தலையில் கூடைக் கயிறுமாக மலை ஏறியவருக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே அவமதிப்பாகப் படும். “நான் நடந்த நடை போதாதா?” என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அவரை நாற்காலியில் உட்கார வைத்ததே நாங்கள்தான். ஓய்வுபெற்றதும் கிடைக்கும் சேமலாப நிதிப் பணம் வந்த நாளிலிருந்து “நீங்கள் உட்காருங்கள் அம்மா” என்று சொல்லிச் சொல்லியே தண்ணீர் பிடிப்பது, விறகு அடுக்குவது, கடைக்குப் போவது எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். பாசத்தில் செய்ததுதான். ஆனால் இரண்டே வருடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் பிடிகளை இரு கைகளாலும் ஊன்றி, முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஆடி, மூன்றாவது முயற்சியில்தான் அவரால் எழும்ப முடிந்தது. எழுந்தபின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிளினிக்கில் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நல்ல ஆலோசனைதான், ஆனால் நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? எங்கள் வரிசை வீடான லயத்தின் வாசலை விட்டால் படி, படியை விட்டால் சரிவு. நான் அவசரப்பட்டு முதல் நாளே கீழே பஸ் நிற்கும் சந்தி வரை கூட்டிப்போனேன். மூன்று நாள் முழங்கால் வலியில் கிடந்தார். ஏறும்போது மூச்சு வாங்கினாலும், முழங்காலுக்குச் சுமை கூடுவது இறங்கும்போதுதான் என்பதை அதற்குப் பிறகே அறிந்தேன்.

ஆகவே நடையை ஒத்திவைத்து, எழும்புவதில் தொடங்கினோம். விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழும்பி உட்கார வேண்டும். முதல் வாரம் இரண்டுதான் முடிந்தது. யார் துணையும் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வருவது இந்தத் தொடைத் தசைகளை நம்பித்தான் இருக்கிறது. அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. சாப்பிட்டபின் சற்று நடமாடினால் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், இராச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு முன்புற இஸ்தோப்பில் (விறாந்தையில்) பத்துச் சுற்று நடக்கிறார்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், மூன்று நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. அந்த எண்களைக் காட்டி அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். உட்காரும் நேரத்தில் கொஞ்சத்தை லேசான அசைவாக மாற்றினாலும் பலன் உண்டு என்பதையும் அதே வழிகாட்டல் சொல்கிறது. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

கால் சற்றுத் தேறியதும், தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போகத் தொடங்கினார். லயத்திலிருந்து அதிகம் ஏறி இறங்காமல் போகக்கூடிய சமதரை அது ஒன்றுதான். தன் பெயர் கொடுக்க அத்தனை வருடம் நின்ற இடம். காலையில் அங்கே இரண்டு சுற்று நடந்துவிட்டு, இன்றைக்கு எந்த மலை, நேற்று எத்தனை கிலோ என்று பறிக்கப் போகும் பெண்களிடம் விசாரித்துவிட்டு வருகிறார். நான் கெஞ்சிக் கூப்பிட்டு வராதவர், அந்தப் பேச்சுக்காகத் தானே கிளம்புகிறார்.

சில விடயங்களில் கவனமாக இருங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழும்பட்டும். மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்திருக்கும், அப்போது இஸ்தோப்பே போதும். நெஞ்சுவலி, புதிதாக மூச்சுத்திணறல், அண்மையில் விழுந்தது என்று ஏதாவது இருந்தால் முதலில் வைத்தியரைப் பார்த்துவிடுங்கள்.

இன்றிரவே அம்மாவிடம், விட்ட வேலைகளில் எதைத் திரும்பச் செய்ய ஆசை என்று கேளுங்கள். என் அம்மா தண்ணீர் பிடிப்பதைச் சொன்னார். குடம் தூக்க விடவில்லை. ஒரு செம்பைக் கொடுத்தேன். வாசலில் இரண்டு பாத்தி கீரை போட்டோம். தண்ணீர் விழும் பீலிக்கும் பாத்திக்குமாக அந்தச் செம்போடு காலையில் எட்டுத் தடவை போய்வருகிறார்.