சினார் சிவக்கும் காஷ்மீர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி காஷ்மீரின் இலையுதிர்காலத்தைப் பற்றியவை. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இந்த முறை வந்தவற்றுக்கு மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் முதல் வாரம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. அப்போது போனால் சிவந்த சினார் மரங்களைப் பார்க்கலாமா? (திருச்சி)

பார்க்க முடியாது. அப்போது ஸ்ரீநகரில் சினார்கள் பச்சையாகவே நிற்கும். அங்கே நிறம் மாறத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம், நான்காம் வாரங்களில். நவம்பர் முதல் பாதிதான் உச்சம். தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டு என்றால், அதையொட்டி நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அக்டோபர் தொடக்கத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்றால் மேலே ஏறுங்கள். குளிர் உச்சியிலிருந்து கீழிறங்கும், நிறமும் அப்படியே. சோன்மார்க் பக்கம் பூர்ஜ (பிர்ச்) மரங்கள் முன்னதாகவே மஞ்சளாகிவிடும். பள்ளத்தாக்கில் அது ஆப்பிள் பறிக்கும் காலம். பிள்ளைகளுக்கு இலையைவிட அது பிடிக்கக்கூடும்.

பயண ஏற்பாட்டாளர் ஐந்து நாள் திட்டம் கொடுத்திருக்கிறார்: குல்மார்க், சோன்மார்க், பஹல்காம் ஒவ்வொரு நாள், ஸ்ரீநகர் அரை நாள். நவம்பர் 3 முதல். சரியா? (கோவை)

பனிக்கும் கோடைக்கும் போட்ட திட்டத்தைத் தேதி மாற்றி உங்களிடம் விற்கிறார்கள். குல்மார்க்கில் பெரும்பாலும் ஊசியிலை மரங்கள். அவை நிறம் மாறுவதும் இல்லை, இலையை மொத்தமாக உதிர்ப்பதும் இல்லை. கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏறலாம், காற்று வாங்கலாம். இலை பார்க்கப் போகிற இடம் அது அல்ல. சோன்மார்க்கில் நவம்பரில் இலைகள் கொட்டி முடிந்திருக்கும்.

நீங்கள் கேட்கும் நிறம் ஸ்ரீநகரிலும் தெற்கே அனந்த்நாக் செல்லும் வழியிலும் இருக்கிறது. ஆகவே மூன்று நாள் ஸ்ரீநகருக்கு, ஒரு நாள் பஹல்காம் சாலைக்கு என்று மாற்றச் சொல்லுங்கள். பஹல்காம் சுமார் 90 கிலோமீட்டர். போய்ச் சேர்வதைவிட வழிதான் முக்கியம்: இருபுறமும் பொன்னிறத்தில் பாப்லர் வரிசை, சங்கம் பக்கம் கிரிக்கெட் மட்டைக்காக அடுக்கிக் காயவைத்த வில்லோக் கட்டைகள், பிறகு சினார்களுக்குப் பெயர்போன பிஜ்பிஹாரா. ஓட்டுநர் அங்கே நிற்காமல் பறப்பார். காலையிலேயே சொல்லி வையுங்கள்.

ஸ்ரீநகரில் என் முதல் தேர்வு ஷாலிமார் தோட்டம் அல்ல, நசீம் பாக். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்துச் சினார்த் தோப்பு அது. நீரூற்று கிடையாது, பூப்பாத்தி கிடையாது, மரங்கள் மட்டும்.

இலை ஏன் சிவக்கிறது? ஊட்டியில் ஏன் இப்படி ஆவதில்லை? (அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்)

பச்சையம் தினமும் சிதைந்து தினமும் புதிதாக உண்டாகிறது. பகல் குறுகி இரவு குளிர்ந்ததும் மரம் புதிதாகச் செய்வதை நிறுத்திவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிய வருகின்றன. சிவப்பு வேறு கதை. காம்பின் அடியில் தடுப்பு உருவாகி, இலையில் தங்கிப்போகும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற நிறமி புதிதாகத் தயாராகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு கூடும். பாப்லர் மஞ்சளோடு நின்றுவிடும். சினார் மஞ்சள், தாமிரம், துரு என்று படிப்படியாக இறங்கும்.

நம் மலைகளின் சோலைக்காடுகள் பசுமைமாறாதவை. பகல் நீளமும் இங்கே அவ்வளவாக மாறுவதில்லை.

புகைப்படத்துக்கு எந்த நேரம்?

எல்லோரும் விடியற்காலையில் நிஷாத் தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். நிஷாத், ஷாலிமார் இரண்டுக்கும் கிழக்கே ஜபர்வான் மலை நிற்கிறது; வெயில் மலையைத் தாண்டி வர நேரமாகும். அவற்றை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நசீம் பாக் இருப்பது தால் ஏரியின் மேற்குக் கரையில். காலை வெயில் அங்கேதான். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? (மதுரை)

தாராளமாக. நசீம் பாக் சமதரை. நிஷாத் 12 அடுக்குகளாக மேலேறும் தோட்டம், அவரைக் கீழ் அடுக்கிலேயே உட்காரவையுங்கள். படகு வீட்டில் தங்காதீர்கள். ஷிகாரா என்ற சிறு படகிலிருந்து படகு வீட்டுக்குக் கால் தூக்கி வைப்பது அவருக்குச் சிரமம். பகல் 15 டிகிரியைத் தாண்டினாலும் இரவு ஐந்துக்கும் கீழே போகும். அறையில் சூடேற்றி இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்பே கேளுங்கள். சைவம் என்றால் தாமரைத் தண்டில் செய்யும் நத்ரு யக்னி கிடைக்கும்; தயிர்க் குழம்பு, அவருக்குப் பிடிக்கும்.

குங்குமப்பூ வயலையும் பார்க்க முடியுமா?

அதே நாட்களில்தான் பூக்கிறது, அக்டோபர் கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று வாரம். பாம்போர் ஸ்ரீநகரிலிருந்து அரை மணி நேரம். காலையில் போங்கள், பகல் ஏறுவதற்குள் பறித்துவிடுவார்கள். ஒரு பூவில் மூன்றே சூலகமுடிகள் (குங்குமப்பூ என்று விற்பது அந்த இழைகளைத்தான்), ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

துலிப் தோட்டம்?

அது வசந்தத்தில் மட்டும்.

பாதுகாப்பு எப்படி? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே பைசரனில் நடந்த தாக்குதலில் 26 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் பல இடங்களை அரசு மூடியது. சிலவற்றைப் படிப்படியாகத் திறந்தது. பணம் கட்டுவதற்கு முன் எவை திறந்திருக்கின்றன என்று சுற்றுலாத் துறையிடம் கேளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக எடுங்கள். மூடிய இடத்துக்குக் குறுக்குவழியில் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

ரயிலில் போகலாமா? (நாகர்கோவில்)

2025 ஜூனிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. சுமார் மூன்று மணி நேரம், செனாப் ஆற்றுப் பாலத்தின் மேல். உங்கள் ஊர் வழியாகவே கட்ராவுக்கு வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது, ஆனால் மூன்று இரவு வண்டியிலேயே. போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்தால் உடம்பு தாங்கும். நவம்பர் முதல் வாரத்திலேயே கனத்த பனி விழுந்த ஆண்டுகள் உண்டு, 2019 அப்படித்தான். திரும்பும் தேதிக்குப் பின் ஒரு நாள் கையிருப்பில் இருக்கட்டும்.

கைபேசி வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்புவதற்கு முன்பே ஒரு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.