சர விளக்கில் ஒரு கூடு: ஹம்மிங்பேர்டு கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்தில் பல வருடங்களாக அன்னா என்ற வகை ஹம்மிங்பேர்டுகள் (பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைகள்) கூடு கட்டுகின்றன. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஃப்ரீமாண்டிலிருந்து: அக்கா, தீபாவளிக்குக் கட்டிய சர விளக்கை ஜனவரியில் கழற்றப் போனால் வயர்மேல் குட்டிக் கூடு, உள்ளே இரண்டு முட்டை. மெதுவாகப் பக்கத்துச் செடிக்கு மாற்றலாமா?

வேண்டாம். இடம் மாறினால் தாய் கூட்டைக் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியில்லாமல் எடுப்பது 1918-ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைகள் சட்டப்படி குற்றமும்கூட. மொத்தம் ஐந்தாறு வாரம்தான். முட்டை பொரிய இரண்டு வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம் போல. அதுவரை விளக்கு அங்கேயே இருக்கட்டும், ஸ்விட்சை மட்டும் போடாதீர்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் போகிக்கு ஒட்டடை அடிக்கும் சமயத்தில்தான் இங்கே அன்னாவின் கூடு கட்டும் காலமும் தொடங்குகிறது. அந்த ஒட்டடைதான் அவளுக்குச் சிமெண்ட். செடிப் பஞ்சைச் சிலந்தி நூலால் கட்டி, வெளியே பாசித் துணுக்குகளை ஒட்டுகிறாள். குஞ்சுகள் வளர வளர அந்த நூல் இழுபட்டுக் கொடுக்கும், கூடும் விரியும். அதனால் வெளிச்சுவர் மூலையிலுள்ள வலைகளை மட்டும் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

அதே வாசகர், மூன்று வாரம் கழித்து: குஞ்சுகளுக்கு இறகு வந்துவிட்டது. ஆனால் நேற்றிரவு தாய் கூட்டில் இல்லை, காலையிலும் காணோம். பயமாக இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் ஊட்டட்டுமா?

ஊட்டாதீர்கள். முதல் வருடம் நானும் இப்படித்தான் தவித்தேன். இறகு முளைத்த குஞ்சுகள் தங்கள் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளும், அதனால் தாய் இரவிலும் வந்து அடைகாப்பதில்லை. பகலில் வந்தாலும் ஊட்டி முடிக்கச் சில நொடிகள்தான் ஆகும், நீங்கள் காபியை வாயருகே கொண்டுபோவதற்குள் போய்விடுவாள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் பாருங்கள். குஞ்சுகள் அமைதியாக இருந்தால் நல்லது. விடாமல் கத்திக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது அருகிலுள்ள வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழையுங்கள். வளரும் குஞ்சுக்குச் சின்னச் சின்னப் பூச்சிகளும் சிலந்திகளும் தரும் புரதம் வேண்டும், வெறும் சர்க்கரை போதாது. அவள் தனியாள் வேறு. ஆண் பறவை கூடு கட்டவும் வராது, ஊட்டவும் வராது. தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்தால் அவள் ஊட்ட வைத்திருக்கும் இரையைத்தான் அழிக்கிறோம்.

டாலஸிலிருந்து: வெள்ளைச் சர்க்கரை நமக்கே கெடுதல் என்கிறார்கள். ஹம்மிங்பேர்டு குடிக்கத் தொங்கவிடும் குப்பியின் தண்ணீரில் தேனோ நாட்டுச் சர்க்கரையோ கலக்கலாமா?

கூடவே கூடாது. தேன் கலந்த நீர் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் உள்ள இரும்புச் சத்து இவற்றுக்கு ஆகாது. சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஒரு கப், தண்ணீர் நான்கு கப், அவ்வளவுதான். சிவப்புச் சாயமும் வேண்டாம், குப்பி சிவப்பாக இருந்தால் போதும். டாலஸ் வெயிலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, கடும் கோடையில் தினமும்கூட, கழுவி மாற்றுங்கள். கழுவ நேரமில்லாதவர்கள் குப்பி தொங்கவிடாமல் இருப்பதே அந்தப் பறவைக்கு நல்லது. ஒரு தொட்டியில் சால்வியா வைத்தாலே தேடி வரும்.

சியாட்டிலிலிருந்து: உறைபனிக் காலையில் ஒரு பறவை குப்பியில் தலைகீழாகத் தொங்கியது. செத்துவிட்டதென்று நினைத்தேன், பிறகு பறந்துவிட்டது!

அது ஒருவகை ஆழ்ந்த உறக்கம். நான்கைந்து கிராம் எடையுள்ள உடம்பு குளிரில் சக்தியை மிச்சம் பிடிக்கச் சூட்டையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. தொடாமல் விட்டது சரி. குப்பி உறையாமல் இருக்க இரவில் உள்ளே எடுத்து, விடியுமுன் மாட்டுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: இலையுதிர் காலத்திலும் குப்பி இருந்தால் தெற்கே போகாமல் தங்கிவிடுமா?

தங்காது. பகல் குறைவதை வைத்தே உங்கள் ஊரின் செங்கழுத்து ஹம்மிங்பேர்டு கிளம்பிவிடும். கடைசிப் பறவையைப் பார்த்தபின் இரண்டு வாரம் விட்டு வையுங்கள், வழியில் வரும் பயணிக்கு உதவும். மறுபடி ஏப்ரல் கடைசியில் மாட்டலாம்.

சென்னையிலிருந்து: எங்கள் பால்கனித் துணிக்கொடியில் ஹம்மிங்பேர்டு பை மாதிரிக் கூடு கட்டியிருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன்.

அது நம் தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. இரண்டும் பூந்தேன் குடிப்பதால் அலகு ஒன்றுபோல் நீண்டதே தவிர உறவு கிடையாது. படத்தில் கூட்டின் வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் தெரிகிறது பாருங்கள், அது தேன்சிட்டின் கைவேலை. கட்டுவதற்கு அதுவும் சிலந்தி நூலைத்தான் தேடுகிறது. ஆனால் இங்கே அப்பாவும் இரை கொண்டுவருவார், கவனித்துப் பாருங்கள். குஞ்சுகள் பறக்கும்வரை துணியை மொட்டை மாடியில் காயப்போடுங்கள், பால்கனிக் கதவையும் மெதுவாகச் சாத்துங்கள்.