இதய இயக்குநீர் மிகுந்தால் கால் புண் ஆறுமா?

வணக்கம். மன்னார்குடியில் வயல் பார்க்கும் தங்கள் தந்தையாரின் இரத்தப் பரிசோதனையில் என்டி-புரோபிஎன்பி மிகுந்துள்ளதாகவும், இதய இயக்குநீர் (ஹார்மோன்) இரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை வளர்க்கும் என்று படித்ததால் அவருடைய கால் புண் தானே ஆறிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

என்டி-புரோபிஎன்பி என்பது பிஎன்பி என்னும் இதய இயக்குநீர் உருவாகும்போது வெட்டுண்டு பிரியும் செயலற்ற துண்டு. இதயம் எவ்வளவு திணறுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. செயல்படும் இதய இயக்குநீர்கள் பிஎன்பியும், எலியின் இதய மேலறைச் சாற்றில் இருப்பதாக 1981இல் ஆய்வாளர் டி போல்ட் குழுவினர் காட்டிய ஏஎன்பியும் ஆகும். இவை உட்சுவர் செல்லின் ஏற்பியில் பொருந்தி, உள்ளே சிஜிஎம்பி என்னும் தூது மூலக்கூறைப் பெருக்குகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் குறைந்த அளவு ஏஎன்பி பெருக்கத்தைத் தூண்டியது. மிகுந்த அளவோ அதையே அடக்கியது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கி நின்றால் நாற்று அழுகிவிடும் என்பதை நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அந்த எண்ணை நற்செய்தியாகக் கொள்ளாதீர்கள். இதயத் தளர்ச்சியால் கால் வீங்கியிருந்தால் புண் ஆறுவது மேலும் தாமதமாகும். தயவுசெய்து அவரைச் சேற்றில் இறங்க விடாமல், காலின் இரத்த ஓட்டத்தையும் சர்க்கரை அளவையும் இந்த வாரமே மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.