வேருக்கு ஏது கணு, அம்மிணி?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 3 வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் பூவோடு ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். அந்தப் பூ உதிர்ந்ததோடு சரி, மறுபடி பூக்கவே இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கிறது. ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன், உரமும் தவறாமல் போடுகிறேன். போன மார்கழியில் தங்கை பிரசவத்துக்காகப் பொள்ளாச்சி போய் 2 மாதம் கழித்து வந்தால், அத்தை தொட்டியை வீட்டுக்குப் பின்னால், பொடக்காலித் திண்ணையில் வைத்திருந்தார். இலை இடுக்கிலிருந்து கணுக்கணுவாக ஒரு பச்சைக் குச்சி வேறு நீட்டிக்கொண்டிருந்தது. வேர் என்று நறுக்கிவிட்டுத் தொட்டியை உள்ளே கொண்டுவந்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. என்ன உரம் போட்டால் பூக்கும்?

பதில்: உரம் கிடக்கட்டும். நீ நறுக்கியது பூக்காம்பு.

கணு இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். சுற்றிலும் கரும்புக்காட்டை வைத்துக்கொண்டு, கணு இருப்பது தண்டா வேரா என்று தெரியவில்லையா? ஆர்க்கிட் வேர் மழுமழுவென்று போகும். காய்ந்திருக்கும்போது வெள்ளி பூசினது மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டால் பச்சையாகும். பூக்காம்பின் முனை கிளிமூக்கு மாதிரி லேசாக மடிந்து, வெளிச்சத்தைப் பார்த்து ஏறும். இன்னும் 2, 3 மாதம் விட்டிருந்தால் பூ விரிந்திருக்கும்.

3 வருடம் உன்னால் வரவைக்க முடியாததை, அத்தை 2 மாதத்தில் வரவைத்திருக்கிறார். அதிலே மந்திரம் ஒன்றும் இல்லை. இது காட்டில் மரத்தைப் பற்றி வளர்கிற ஜாதி. கிளை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் வேண்டும், சில வாரமாவது ராத்திரி குளிர வேண்டும். மார்கழி ராத்திரியில் நம் பக்கம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது, திண்ணையில் அது கிடைத்தது. சன்னலைச் சாத்திய ஹாலில், டியூப் லைட் வெளிச்சத்தில் எங்கே கிடைக்கும்? இலை கரும்பச்சையாக இருக்கிறது என்று பெருமைப்படாதே, வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இளம்பச்சையாக இருக்க வேண்டும்.

‘அத்தை ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2 மாதம் தினமும் அந்தச் செடியைப் பார்த்தவர் அவர். நீ கத்தரியோடு நின்றபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று அவருக்குத் தெரியும். இது செடியில் ஆரம்பித்த வழக்கமாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான்: கேள்வி ஒன்றாக இருக்கும், வீட்டுக்குள் யாரோ ஒருவர் பேசுவதை நிறுத்தியிருப்பார். பெரியவர்கள் கைபட்டு வளர்ந்ததை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டுவது தப்பு. செடி உன் காசில் வாங்கியதாகவே இருக்கட்டும். அத்தையோடு உட்கார்ந்து பழமை பேசி எத்தனை நாள் ஆச்சு?

சரி, இனிச் செய்ய வேண்டியது. இன்றைக்கே தொட்டியைக் காலை வெயில் லேசாகப் படும் இடத்துக்கு மாற்று. உச்சி வெயில் பட்டால் இலை வெந்துபோகும். மண் போட்டிருந்தால் எடுத்துவிட்டு மரப்பட்டைத் துண்டும் கரியும் போடு. வேர் வெளுத்த பிறகு தண்ணீர் ஊற்று, தட்டில் தேங்கவிடாதே, குருத்துக்குள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். உரம் நீர்க்கக் கரைத்து மாதம் இரண்டு தடவை போதும். கார்த்திகை கடைசியில் பழையபடி பொடக்காலித் திண்ணைக்குப் போகட்டும், பொறுப்பு அத்தையுடையது. நீ வெட்டியது பூக்காம்பு என்று அதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சொல்லிவிடு. அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்.

டி.வி. பக்கம் வெறிச்சென்று இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பூ வாங்கி வைத்துக்கொள். அதற்கு வெளிச்சமும் வேண்டாம், அத்தையும் வேண்டாம்.