கையால் ஓடும், கிரானில் ஓடாது

கேள்வி: லினக்ஸ் சர்வரில் பேக்கப் எடுக்கும் என் பாஷ் ஸ்கிரிப்ட் டெர்மினலில் சரியாக ஓடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு 2 மணிக்குப் போட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. ஏன்?

பதில்: நீங்கள் லாகின் செய்யும்போது ஏறும் அமைப்புகள் கிரானுக்குக் கிடைக்காது. கட்டளைகளை எந்த டைரக்டரிகளில் தேடுவது என்று சொல்லும் அதன் பாத் (PATH) மாறியில் பெரும்பாலும் இரண்டொரு டைரக்டரிகளே இருக்கும். வேறிடத்தில் உள்ள கட்டளை அகப்படாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பாத்தை முழுதாக எழுதுங்கள். கோப்புகளுக்கும் ரூட்டிலிருந்தே பாதை கொடுங்கள். கிரான் உங்கள் ஹோம் டைரக்டரியிலிருந்துதான் வேலையைத் தொடங்கும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கிரான் வேலைகளைப் பட்டியலிடும் கிரான்டாப் கோப்பின் வரியிலேயே தேதிக் கட்டளை எழுதினால், அதிலுள்ள சதவீதக் குறியை (%) கிரான் புதுவரியாக எடுத்துக்கொண்டு கட்டளையைப் பாதியில் வெட்டிவிடும். குறிக்கு முன் பேக்ஸ்லாஷ் (\) போடுங்கள்.

வெளியீட்டை லாக் கோப்புக்குத் திருப்பிய பிறகே பிழைச் செய்தியையும் அதனுடன் இணையுங்கள். வரிசை மாறினால் பிழை லாகில் பதியாது.